அமர ஒரு கல்

ஆண்டின் பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை



இன்றைய வாசகங்களைக் கோவிலில் கேட்டிருப்பீர்கள். வயதாலும் நோயாலும் கோவிலுக்குப் போக முடியாமல், வீட்டில் வானொலிக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறவர்களுக்காக அவற்றை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன்.

முதல் வாசகம் விடுதலைப் பயண நூல் 17ஆம் அதிகாரம். இரபிதிம் என்ற இடத்தில் அமலேக்கியர் இஸ்ரயேல் மக்கள்மீது போர் தொடுக்கிறார்கள். யோசுவா கீழே போரிடுகிறார். மோசே கையில் கோலோடு குன்றின் உச்சிக்கு ஏறுகிறார். அவர் கை உயர்ந்திருக்கும்போது இஸ்ரயேலர் வெல்கிறார்கள். கை தாழும்போது தோற்கிறார்கள். பதிலுரைப் பாடல் 121ஆம் திருப்பாடல். மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்துகிற ஒரு பயணியின் பாடல் அது. நற்செய்தி, லூக்கா 18ஆம் அதிகாரம்: நீதி கேட்டு நடுவரிடம் திரும்பத் திரும்பப் போன கைம்பெண்.

இந்த ஞாயிறு வந்தால் நாங்கள் குருக்கள் வழக்கமாக என்ன சொல்வோம்? மனந்தளராமல் செபியுங்கள் என்போம். அது உண்மைதான், ஆண்டவர் இந்த உவமையைச் சொன்னதே அதற்காகத்தான் என்று லூக்காவும் எழுதியிருக்கிறார். ஆனால் ஏற்கெனவே தளர்ந்து போனவர்களுக்கு அந்த மறையுரையில் இடமில்லை. அவர்களிடம் போய்த் தளராதே என்று சொன்னால், தண்ணீரில் மூழ்குகிறவனிடம் நனையாதே என்று சொல்வது போலாகும். ஆகவே இன்று தளர்ந்துபோன கைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

வாசகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். மோசேக்கு அப்போது 80 வயது. அவருடைய அண்ணன் ஆரோனுக்கு 83. மோசே பார்வோன் முன்னால் நின்றபோது இருவருக்கும் அந்த வயது என்று அதே நூல் 7ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. இரபிதிம் போர் நடந்தது அதற்குப் பிறகு அதிக நாள் கழித்து அல்ல. 80 வயதுக்காரர் வெயிலில் ஒரு குன்றின்மேல் நின்று, காலையிலிருந்து கையை உயர்த்திப் பிடித்தால் என்ன ஆகும்? கை கனத்துப் போகிறது. விவிலியம் இதை மறைக்கவில்லை. நெருப்பு எரிகிற முட்புதரின் முன் நின்றவர், செங்கடலைக் கடந்தவர், அவருக்குக் கை வலிக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறது.

அப்போது உடன் இருந்த ஆரோனும் கூரும் என்ன செய்தார்கள்? அவர் கையைப் பிடிப்பதற்கு முன்னால் இன்னொன்று செய்தார்கள். நாம் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். மோசேயை அதன்மேல் உட்கார வைத்தார்கள். அதன் பிறகுதான் ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமுமாக நின்று, சூரியன் மறையும்வரை அவர் கைகளைத் தாங்கினார்கள்.

இந்தக் கல்லின் பொருள் எனக்கு விளங்கியது ஒரு மலையில்தான். அதைச் சொல்கிறேன்.

1999ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ரோமையில் இறையியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே விடுதியில் இருந்தவர் கன்னியாகுமரி கடற்கரையைச் சேர்ந்த ஓர் அருள்பணியாளர். என் வயதுதான். நான் திண்டுக்கல் பக்கம், சிறுமலையைப் பார்த்து வளர்ந்தவன். அவருக்குக் கடல்தான் தெரியும். தரையில் நடப்பதே தனக்கு அரைகுறைப் பழக்கம் என்று வேடிக்கையாகச் சொல்வார். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார். செய்தி கிடைத்து, பயணச்சீட்டு எடுத்து, ஊர்போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறையில் ஈரமண்தான் இருந்தது என்றார். திரும்பி வந்த பிறகு அவரிடம் அந்த வேடிக்கைப் பேச்சு இல்லை. வகுப்புக்கு வருவார், சாப்பிடுவார், திருப்பலியில் நிற்பார். அவ்வளவுதான்.

அக்டோபர் அங்கே இலையுதிர் காலம். நம் ஊரில் ஐப்பசி மழை கொட்டுகிற நேரம், அங்கே வானம் தெளிந்து, காலையில் மூச்சுவிட்டால் புகைபோலத் தெரியும். ஒரு சனிக்கிழமை, எங்காவது போய் வருவோம் என்று நான்தான் கூப்பிட்டேன். கிரான் சாஸ்ஸோ மலைத்தொடரில் உள்ள கோர்னோ கிராந்தே என்ற சிகரம். கடல் மட்டத்திலிருந்து 2912 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட 275 மீட்டர் அதிகம். இத்தாலியின் நடு முதுகெலும்பாக ஓடுகிற அப்பெனைன் மலைகளில் இதுதான் மிக உயரமானது. விடியுமுன் பேருந்து ஏறி லாக்குயிலா நகரம் போனோம்.

அந்த நகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே கொல்லமாஜோ என்ற பேராலயத்தில் திருத்தந்தை 5ஆம் செலஸ்தீனின் கல்லறை இருக்கிறது. மலைகளில் துறவியாக வாழ்ந்த முதியவர் அவர். 1294ஆம் ஆண்டு அவரைத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆலயத்தில்தான் முடிசூட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், தன்னால் முடியவில்லை என்று பதவியைத் துறந்தார். திரு அவை பின்னர் அவரைப் புனிதராக உயர்த்தியது. 2009இல் நிலநடுக்கம் அந்த நகரத்தைச் சிதைத்த பிறகு அங்கே வந்த திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், தம் தோளில் அணியும் பாலியத்தை எடுத்து செலஸ்தீனின் கல்லறைமேல் வைத்துவிட்டுப் போனார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2013இல், அவரும் வயதால் வலிமை குன்றியதைச் சொல்லிப் பதவி விலகியபோதுதான் பலருக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. உலகத்தின் பார்வையில் சோர்வு ஒரு தோல்வி. நம் திரு அவையோ சோர்ந்து உட்கார்ந்த ஒருவரைப் பீடத்தில் வைத்து வணங்குகிறது. இதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

மலைக்கு வருகிறேன். லாக்குயிலாவிலிருந்து இன்னொரு பேருந்து. அடிவாரக் காடு முழுவதும் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருந்தது. அங்கிருந்து பழனியில் இருப்பது போன்ற ரோப்கார் ஒன்று 2130 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு விடுகிறது. காம்போ இம்பரத்தோரே என்ற பெரிய மேட்டுவெளி. அங்கே ஒரு பழைய விடுதி. 1943இல் முசோலினியைச் சிறை வைத்திருந்தது அதில்தான். பக்கத்தில் ஒரு சிறிய ஆலயமும் விண்மீன் ஆய்வகமும் உண்டு. திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் இந்த மலைகளுக்குப் பலமுறை வந்திருக்கிறார். மரம் ஒன்றுகூடக் கிடையாது. காய்ந்த மஞ்சள் புல், அதற்குமேல் வெறும் சாம்பல்நிறக் கல். என் நண்பர் சுற்றிப் பார்த்துவிட்டு, “கடல் வத்திப்போன மாதிரி இருக்கு மக்கா” என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

காலை 10 மணிக்கு நடக்கத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் எளிது. மலைச்சரிவைச் சுற்றிப்போகும் ஒற்றையடிப் பாதை. 2335 மீட்டரில் முதல் கணவாய். அங்கிருந்து சிகரம் முழுசாகத் தெரியும். தெரிந்ததும் மனம் கொஞ்சம் சோரும், ஏனென்றால் நடந்த தூரம் ஒன்றுமே இல்லை என்று புரியும். அதன் பிறகு வருவது சரளைக்கல் சரிவு. நதிமணல் போன்றதல்ல, உடைந்த சுண்ணாம்புக்கல். ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் சறுக்கும். அந்த உயரத்தில் காற்றும் மெலிந்துவிடும். பத்து அடி, ஒரு மூச்சு. பத்து அடி, ஒரு மூச்சு. எங்களைக் கடந்து போன முதியவர் ஒருவர், “பியானோ, பியானோ” என்றார். மெதுவாக, மெதுவாக என்று பொருள். அவருக்கு எழுபது இருக்கும். எங்களைவிட மெதுவாகத்தான் நடந்தார். ஆனால் நிற்கவே இல்லை.

இந்தச் சிகரத்தில் முதன்முதலில் ஏறியதாகக் குறிப்பு எழுதி வைத்திருப்பவர் பிரான்செஸ்கோ தெ மார்க்கி என்ற பொறியாளர். 1573 ஆகஸ்டு 19 அன்று ஏறினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டைத் தாண்டிவிட்டது. வழி தெரிந்த உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். சரித்திரத்தில் நின்றது பொறியாளரின் பெயர். கூரைப் போல அந்த வேட்டைக்காரரும் வாசகத்தின் ஓரத்தில் நிற்கிறார்.

2506 மீட்டரில் இரண்டாவது கணவாய். அதைத் தாண்டினால் பாறைகளுக்கு நடுவே கிண்ணம் போன்ற ஒரு பள்ளம் வருகிறது. இத்தாலியர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் கோன்கா தெலி இன்வாலிதி. தமிழில் சொன்னால் இயலாதவர்களின் பள்ளம். சிகரத்துக்கு இன்னும் சுமார் முன்னூறு மீட்டர் உயரம் பாக்கி, அதுதான் மிகச் செங்குத்தான பகுதி. என் நண்பர் அங்கே நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. “இனி முடியாது. நீ போயிட்டு வா. நான் இங்க இருக்கேன்” என்றார்.

நான் போகவில்லை. ஒரு தட்டையான பாறை இருந்தது. காற்று அடிக்காத பக்கமாக அதில் அவரை உட்கார வைத்தேன். பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இரண்டு ஆப்பிளும் குடுவையில் தேநீரும் இருந்தன. அவருடைய கை நடுங்கியதால் தேநீரை மூடியில் ஊற்றி நானே பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரம் பேசவில்லை. பிறகு அவர், மலையைப் பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “மக்கா, அம்மா போனதுல இருந்து எனக்குச் செபம் வரல. புத்தகத்தைத் திறக்கேன். எழுத்து எல்லாம் தெரியுது. வாய் வரமாட்டேங்கு. பூசைல நிக்கேன். யாரோ நிக்க மாதிரி இருக்கு.”

நேயர்களே, குருக்களாகிய நாங்கள் நாள்தோறும் திருப்புகழ்மாலையைச் செபிக்கக் கடமைப்பட்டவர்கள். திரு அவையின் பெயரால், உங்கள் எல்லாருக்காகவும் செபிக்கிற செபம் அது. அதைச் சொல்ல முடியாத ஒரு குரு எவ்வளவு தனிமையில் இருந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். யாரிடம் போய்ச் சொல்வார்?

இறையியலில் இதற்குப் பதில்கள் உண்டு. ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றிச் சிலுவை அருளப்பர் எழுதியதை நாங்கள் இருவருமே படித்தவர்கள். அவர் எதிர்பார்த்தது அதை அல்ல. “நீ சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன். அது போதுமான்னு தெரியல” என்றார். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நண்பகல் செபத்தைச் சொன்னேன். காற்று தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துச் சொன்னேன். அவர் வாய் திறக்கவில்லை. ஆமென்கூடச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணிக்கெல்லாம் கிழக்கே அத்ரியாத்திக் கடல் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்து சிகரத்தை மூடிவிட்டது. இறங்கினோம். ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்குக் கொடுமை. கடைசி ரோப்காரைப் பிடிக்கும்போது எனக்கும் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. சிகரத்தை நாங்கள் இருவரும் மிதிக்கவே இல்லை. ரோமைக்குத் திரும்பும் பேருந்தில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். குறட்டை வேறு.

மறுநாள் மாலை என் அறைக் கதவைத் தட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மாலைச் செபம் சொன்னேன். திருப்பாடல்களை இரண்டு அணிகளாகப் பிரிந்து மாற்றி மாற்றிச் சொல்வது எங்கள் வழக்கம். நான் என் பக்கத்தையும் சொன்னேன், அவர் பக்கத்தையும் சொன்னேன். அன்றிலிருந்து ஏறத்தாழ எல்லா மாலையும் அப்படித்தான். கிறிஸ்து பிறப்பு விழா வந்தது, போனது. யூபிலி ஆண்டு தொடங்கி உலகமே ரோமையில் கூடியது. தவக்காலத்தில் ஒரு மாலை, நான் என் அடியை முடித்துவிட்டு அவருடைய அடியைத் தொடங்க வாயெடுத்தேன். அவர் குரல் கேட்டது. கரகரத்த குரல். நான் நிறுத்திக்கொண்டேன். அவர் தன் பக்கத்தைச் சொன்னார். நான் என் பக்கத்தைச் சொன்னேன். அதைப் பற்றி நாங்கள் அப்போது பேசவில்லை. அதன் பிறகும் பேசியதில்லை.

அன்புக்குரியவர்களே, செபம் வரவில்லை என்று என்னிடம் சொல்லாத குடும்பம் என் பங்கில் குறைவு. பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பாவமாகச் சொல்கிறார்கள். கணவர் படுக்கையில் விழுந்து மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிற பெண், செபமாலையைக் கையில் எடுத்தால் தூக்கம் வருகிறது சாமி என்கிறார். மகனைக் குடிக்குப் பறிகொடுத்த தகப்பன், எதற்காகச் செபிக்க வேண்டும் என்று கேட்கிறார். நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: கை கனத்துவிட்டால் அது கடவுளை மறுப்பது ஆகாது. கையைத் தாழ்த்திய நேரத்திலும் மோசே அந்தக் குன்றைவிட்டு இறங்கிவிடவில்லை. நீங்களும் இறங்கிவிடவில்லை; இறங்கியிருந்தால் இதை என்னிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

ஆனால் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆரோனும் கூரும் மோசேயிடம் போய், நீர் இவ்வளவு பெரிய இறைவாக்கினர், நீரே இப்படிச் சோர்ந்தால் மக்கள் என்ன ஆவார்கள் என்று பேசிக்கொண்டு நின்றிருந்தால், அன்று பொழுது சாயுமுன் போர் தோற்றிருக்கும். நாம் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். துக்க வீட்டில் போய் நிறையப் பேசுகிறோம். மூன்றாம் நாள் திருப்பலிக்குக் கூட்டம் வரும். முப்பதாம் நாளுக்குச் சாப்பாட்டோடு கூட்டம் வரும். முப்பத்தொன்றாம் நாள் அந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மாலை ஏழு மணிக்கு, தனியாக இருக்கிற அந்த அம்மாவின் வீட்டில், அவர் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து, அருள்நிறை மந்திரத்தின் இரண்டு பாதியையும் சொல்கிற பக்கத்துவீட்டுக்காரர் யார்? அன்பியங்கள் எதற்காக ஏற்பட்டன என்று நினைக்கிறீர்கள்? கூட்டம் போட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கவா?

கல்லை மறந்துவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். முதலில் கல், பிறகுதான் கை. மூன்று ஆண்டுகளாக நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு உங்கள் செபத்துக்கு முன்னால் தேவைப்படுவது நான்கு மணி நேரத் தூக்கம். நீங்கள் போய் அந்த வீட்டில் இருந்துகொண்டு, போய்ப் படுத்துக்கொள்ளம்மா என்று சொன்னால், அது மோசேக்குப் போட்ட கல்.

நற்செய்தியின் கைம்பெண்ணுக்கு வருகிறேன். அவரைப் பற்றி நாம் எப்போதும் வியந்து பேசுகிறோம். எத்தனை விடாமுயற்சி! ஆனால் எனக்கு அந்த உவமையில் உறுத்துகிற ஒன்று உண்டு. அவர் தனியாகப் போகிறார். அந்த நகரத்தில் வேறு யாருமே இல்லையா? அவருடைய எதிராளி யார் என்று தெரிந்தவர்கள், நடுவர் எப்படிப்பட்டவர் என்று அறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவரோடு ஒருவரும் வந்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. நம் ஊர்களில் விதவை உதவித்தொகைக்காகவும் பட்டாவுக்காகவும் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிற பெண்களை நான் பார்க்கிறேன். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் குடும்ப அட்டை, ஆதார், கணவரின் இறப்புச் சான்றிதழ். எந்தச் சன்னலில் நிற்க வேண்டும் என்று தெரியாது. படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நாளைக்கு வா என்பார்கள், நாளைக்கும் வருவார். நாம் ஞாயிறன்று மன்றாட்டில் கைம்பெண்களுக்காக, அனாதைகளுக்காக என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, அரசு அலுவலகங்களில் வேலை பார்த்துப் பழகியவர்களே, உங்களில் பலர் இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறைக்கு வெள்ளையடிக்க இப்போதே ஆள் சொல்லியிருப்பீர்கள். நல்லது. அந்தக் கல்லறைகளில் உறங்குகிறவர்களின் மனைவியர் உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். நாளை திங்கட்கிழமை. தாலுகா அலுவலகம் காலை 10 மணிக்குத் திறக்கும்.

இயேசுவுக்கே புகழ்.